சீட்டில் எழுதிய உறக்கம்

நம் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் பகல் ஒன்றரை மணிக்கு விளக்குகளை அணைப்பார்கள். சன்னல்களைப் பாதி சாத்திவிட்டு, கதவுக்கு வெளியே ஒரு சிஸ்டர் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். மூன்றரை மணி வரை யாரும் உள்ளே போக முடியாது. பிள்ளை பார்க்க வந்த சொந்தக்காரர், தரை துடைப்பவர், சாப்பாட்டுப் பாத்திரம் எடுப்பவர், டாக்டர், யாரானாலும் சரி. அவசரம் என்றால் மட்டும் கதவு திறக்கும். இந்த இரண்டு மணி நேரத்துக்கு 'உச்சைக் கிடப்பு' என்று பெயர். உச்சை என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் நண்பகல்.

கருங்கல் பக்கத்திலிருக்கும் அந்த ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் குழந்தை மருத்துவராக வேலை பார்த்தேன். ஓய்வு பெற்றுப் பதினோரு வருடமாகிறது. சென்ற மாதம் இப்போதைய கண்காணிப்பாளர், என் மகன் வயதுள்ள ஒரு டாக்டரம்மா, போனில் அழைத்தார். நர்சிங் மாணவிகள் மலர் வெளியிடுகிறார்களாம். "உச்சைக் கிடப்பு நீங்க தொடங்கினதுன்னு எல்லாரும் சொல்லுறாங்க சார். அதப் பத்தி எழுதித் தரணும். வார்டு வாசல்ல உங்க பேருல ஒரு போர்டும் வைக்கலாம்னு இருக்கோம்" என்றார்.

எழுதித் தருகிறேன் என்றேன். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். அவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவர் கேட்ட கட்டுரையாக அவை இருந்தன. மூன்றாவதாக எழுதுவது இது. இதைப் படித்த பிறகும் போர்டு வைக்கத் தோன்றினால், பெயரில்லாமல் வைக்கட்டும்.

எனக்கு எழுபத்துநான்கு வயது. மனைவி போய் நான்கு வருடமாகிறது. மத்தியானம் படுத்தால் உறக்கம் வருவதில்லை. அந்த நேரத்தில் அந்த வார்டின் ஓசை காதுக்குள் வரும். மெல்லச் சுற்றும் பதினாறு மின்விசிறிகள். தகரக் கூரையில் உரசும் தென்னை ஓலை. எங்கோ ஒரு பிள்ளை பால் உறிஞ்சும் சப்தம். மூன்று நாள் உறங்காதவள் கடைசியில் உறங்கிப்போகும்போது விடும் அந்த நீண்ட மூச்சு. ஓய்வு பெற்ற பிறகு இரண்டு முறை, மருந்து வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் போய், அந்த வராந்தாவில் நின்று கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். அப்படி ஏங்குவதற்கு எனக்கு உரிமை உண்டா என்பதுதான் கேள்வி.

பூதப்பாண்டிப் பக்கத்தில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகன் நான். படிப்பு நன்றாக வந்தது. வெளியூர் மருத்துவக் கல்லூரியில் குழந்தை மருத்துவம் கற்றேன். அங்கே எங்களுக்கு எல்லாம் கிராமில் சொல்லித்தந்தார்கள். எடை எத்தனை கிராம் கூடியது, பால் எத்தனை மில்லி போனது. தாய் என்பவள் அந்தப் பாலின் பாத்திரம். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் அப்படித்தான் கற்றுக்கொண்டு வந்தேன்.

அன்று ஆஸ்பத்திரிக்குத் தலைமை வகித்தவர் ஒரு மகப்பேறு மருத்துவர். 'பெரிய டாக்டர்' என்றுதான் எல்லோரும் சொல்வோம். பூஞ்சையான உடம்பு, வெள்ளைப் பருத்திச் சேலை. காலை ஏழரைக்கு வார்டுக்கு வருவார். செருப்பை வெளியே கழற்றிவிடுவார். சாவிக் கொத்து குலுங்காதிருக்க அதைக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகியிருப்பார். ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். தாய் உறங்கிக்கொண்டிருந்தால் போர்வை ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் பார்ப்பார். பிறகு கேஸ் ஷீட்டை எடுத்து, நேரம் போட்டு, 'உறங்குகிறாள்' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். ஷீட் முழுவதும் ஆங்கிலம். அந்த ஒரு சொல் மட்டும் தமிழ். விட்டுப்போன கட்டில்களுக்குப் பத்து மணிக்குத் திரும்பவும் வருவார்.

எனக்கு அது நேர விரயமாகப் பட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் கேட்டேன்.

"இது என்ன நோய்க்குறி டாக்டர், தினமும் எழுதுறீங்களே?"

"நோய்க்குறி இல்ல. மருந்து" என்றார். "ராத்திரி முழுக்க அவளுக்கு ஒரு துளி கிட்டல்ல. இப்பம்தான் ஒரு டோஸ் உள்ள போவுது. நீ போய் அத தட்டிவிடாத."

பக்கத்தில் நின்ற ரோசம்மா சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நான் அடக்கவில்லை. வயதில் மூத்தவரின் இரக்கம் என்று எடுத்துக்கொண்டேன். நான் போகும்போது தாய்மாரை எழுப்பித்தான் பிள்ளைகளைப் பார்த்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது எல்லாத் தாய்மாருக்கும் நான் ஒரு சீட்டு கொடுப்பது வழக்கம். என் கையெழுத்தில் எழுதி நகலெடுத்தது. அதில் நான்கு கட்டளைகள் இருந்தன. இரண்டு மணிக்கூருக்கு ஒருமுறை பால் கொடு. பிள்ளை உறங்கினாலும் எழுப்பிக் கொடு. படுத்துக்கொண்டு கொடுக்காதே, எழுந்து உட்கார்ந்து கொடு. படுத்துக் கொடுத்தால் பால் காதுக்குப் போகும். கொடுத்த நேரத்தை ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுவா. எங்கள் பக்கத்தில் டாக்டரின் சீட்டுக்கு ஒரு மரியாதை உண்டு. மாமியார் சொல்லைக்கூட மீறுவார்கள்; சீட்டை மீறமாட்டார்கள். அதை நான் அறிந்திருந்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

என் சீட்டுக்கு முன்பே இங்கே இன்னொரு கட்டளை இருந்தது. பிள்ளை பெற்றவள் பகலில் உறங்கக் கூடாது. உறங்கினால் உடம்பில் நீர் இறங்கும், சன்னி பிடிக்கும் என்பார்கள். பெற்ற தாயே பக்கத்தில் இருந்து, மகள் கண்ணசந்தால் கால் பெருவிரலைச் சுண்டி எழுப்புவாள். நாற்பது நாள் இந்தக் காவல். இது எனக்குத் தெரியாததல்ல. என் வீட்டிலேயே நடந்தது. பகலில் உறங்கவிடாதவள் தாய். இரவில் உறங்கவிடாதவன் நான். இரண்டையும் கூட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

செலின் என்று எழுதுகிறேன். உண்மைப் பெயர் அதுவல்ல. முட்டத்துப் பெண், குளச்சலில் கட்டிக்கொடுத்தது. கணவன் பஹ்ரைனில் மீன்பிடி வேலையில் இருந்தான். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து வந்த முதல் பிரசவம். ஆண் பிள்ளை, ஒரு கிலோ தொள்ளாயிரம். ஒன்பது நாள் வார்டில் வைத்திருந்து, சீட்டையும் கொடுத்து, முட்டத்துக்கு அவள் அம்மை வீட்டுக்கு அனுப்பினோம்.

பத்து நாள் கழித்து வந்தாள். நோட்டைக் கொண்டுவந்திருந்தாள். பி.ஏ. படித்தவள், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒன்று தவறவில்லை. பிள்ளையின் எடை நன்றாகக் கூடியிருந்தது. நான் அந்த நோட்டைத் தூக்கிப் பிடித்து, வெளியே வரிசையில் இருந்த பெண்களுக்குக் காட்டினேன். "இப்பிடி இருக்கணும்" என்றேன்.

செலின் எழுந்து போகவில்லை.

"சார், எனக்கு ஒறக்கமே இல்ல. தரை ஆடுறது போல இருக்கு. பிள்ளையக் கையில எடுக்கவே பேடியா, பயமா இருக்கு" என்றாள்.

"பிள்ளை வேணும்னு ஏழு வருஷம் தவம் கெடந்தியா இல்லியா? இப்பம் ஒறக்கமும் வேணுமாக்கும்?" என்றேன். "அவன் காலேஜுக்குப் போகட்டு, அப்பம் ஒறங்கலாம்."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளோடு வந்த அம்மையும் சிரித்தாள். செலினும் சிரித்தாள். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

பிள்ளைக்கு இருபத்துமூன்று நாளான அன்று, பகல் பன்னிரண்டு மணி இருக்கும், ஒரு ஆட்டோவில் அவர்கள் வந்தார்கள். பிள்ளையை மேசையில் வைத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். அந்தப் பிள்ளை அப்போது இரண்டு கிலோ நானூறு இருந்திருக்கும். நான் எழுதிக்கொடுத்தபடி வளர்ந்த பிள்ளை.

நடந்தது இதுதான். அன்று காலை பிள்ளை பார்க்க வந்த கூட்டம் பதினோரு மணிக்குத்தான் கலைந்திருக்கிறது. பால் கொடுக்கும் நேரம். செலின் கட்டிலில் படுக்காமல், நான் சொன்னபடி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளையை மார்போடு சேர்த்துப் பிடித்தாள். அம்மை பின்பக்கம் மகள் குளிப்பதற்கு வேது வெள்ளம், மூலிகை போட்ட வெந்நீர், காய்ச்சிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தபடியே செலின் உறங்கிப்போனாள். தலை முன்னால் கவிழ்ந்து, உடம்பு பிள்ளையின் மேல் சரிந்துவிட்டது. மூக்கு அமுங்கிய பிள்ளை அழவில்லை. வெந்நீர்ப் பானையோடு அம்மை உள்ளே வரும்வரை யாருக்கும் தெரியவில்லை.

மருத்துவம் இப்போது இதைத் தெளிவாகச் சொல்கிறது. களைத்துப்போன தாய் நாற்காலியில் உட்கார்ந்து பால் கொடுத்தபடி உறங்கிவிடுவதுதான் மிக ஆபத்து. ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கலாம். கொடுத்து முடித்ததும் பிள்ளையைத் தனியே மல்லாக்கக் கிடத்திவிட வேண்டும். எனக்கு அன்று இது தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். தெரியாததற்காக நான் இதை எழுதவில்லை.

வராந்தாவில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். குளச்சலிலிருந்து மாமியார் வந்து சேர்ந்திருந்தாள். நான் வெளியே வந்ததும் அவள் என் முன்னால் வந்து நின்றாள்.

"டாக்டரே, உள்ளதச் சொல்லணும். இவ ஒறங்கிட்டா. ஒறங்கித்தானே பிள்ளைய அமுக்கிப்போட்டா?"

"அப்படி நடந்திருக்கலாம்" என்றேன்.

"கேட்டியளா? டாக்டரே சொல்லுதாரு. பகல்ல ஒறங்காதேன்னு ஊரு முழுக்கச் சொல்லுச்சு. கெடந்து ஒறங்கியிருக்கா."

சுவரோரம் நின்ற செலின் என்னைப் பார்த்தாள். "கெடக்கல்ல மாமி. சார் சொன்னது போல எழும்பி இருந்துட்டுத்தான் குடுத்தேன். சார்கிட்ட கேளுங்க" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு வாக்கியம் போதும். 'இவள் நான் சொன்னதைத்தான் செய்தாள், உறக்கமில்லை என்று என்னிடம் சொன்னாள், நான் கேட்கவில்லை.' மூச்சு விடும் நேரம்தான் ஆகும். அந்த வாக்கியம் என் வாயில் இருந்தது. என் சீட்டு, வெளியே வரிசையில் இருப்பவர்கள், என் பெயர், எல்லாம் அதன் மேல் வந்து உட்கார்ந்துகொண்டன. ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினேன். "பேப்பர் எல்லாம் சிஸ்டர் தருவாங்க" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனேன். அடுத்த பிள்ளைக்குக் காய்ச்சல். அதைப் பார்த்தேன்.

நாற்பது நாள் முடிவதற்குள் குளச்சலிலிருந்து அவளுடைய பெட்டி முட்டத்துக்கு வந்துவிட்டது. கணவன் பஹ்ரைனிலிருந்து வந்தபோது அவளைப் பார்க்கப் போகவில்லை. பிள்ளையைக் கொன்றவள் என்ற பேச்சு கடற்கரை முழுக்கப் பரவியது. இதெல்லாம் ரோசம்மா சிஸ்டர் எனக்குச் சொன்னவை. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்.

பெரிய டாக்டர் திட்டவில்லை. கேஸ் ஷீட்டையும் என் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். "நாளைக்கு உனக்கு ஓபி கெடையாது" என்றார். வார்டில் ஏழாம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போடச் சொன்னார். "காலைல நாலு மணிக்கு வந்து இதுல இரு. வைகுந்நேரம் ஆறு வரை எழும்பாத. அவள ஆரெல்லாம் எழுப்புதாங்கன்னு எழுது."

ஏழாம் கட்டிலில் முதல் நாள் பிரசவித்த பெண் இருந்தாள். நான் எழுதியது முழுவதும் இன்றும் நினைவிருக்கிறது. நாலு நாற்பதுக்குக் காய்ச்சல் பார்க்க சிஸ்டர். ஐந்து மணிக்கு வாளியைத் தரதரவென்று இழுத்தபடி தரை துடைப்பவர். பிறகு கட்டன்சாயா கொடுக்க அம்மை. ஆறேகாலுக்கு ரத்த அழுத்தம், ஏழுக்கு மாத்திரை. ஏழரைக்குப் பெரிய டாக்டர் வந்து, நின்று, எழுதிவிட்டுப் போனார், அவர் எழுப்பவில்லை. எட்டு பத்துக்கு என் இடத்தில் அன்று வேலை பார்த்த இளம் டாக்டர், என்னைப் போலவே, எழுப்பினார். ஊசி. ரத்தம் எடுக்க லேப். என்ன சாப்பாடு என்று கேட்க ஒருவர். காப்பீட்டு அட்டை பார்க்க ஒருவர். பதினோரு மணிக்கு எட்டுப் பேர் கொண்ட சொந்தக்காரக் கூட்டம். அவர்கள் கையிலிருந்த பிள்ளைப் பவுடரை எல்லோரும் முகர்ந்து பார்த்தார்கள். இடையிடையே பிள்ளை. மத்தியானம், கூட்டம் போய், பிள்ளையும் உறங்கி, அவள் தலை மெல்லச் சாய்ந்தது. அம்மை குனிந்து கால்விரலைச் சுண்டினாள். அந்தப் பெண் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து, தவறு செய்தவள் மாதிரிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நான் முன்பே பார்த்திருந்தேன்.

சாயங்காலம் பெரிய டாக்டர் கேட்டார். "பிள்ளைக்க எடை எவ்வளவு?"

சொன்னேன்.

"பிள்ளைக்க அம்மை எவ்வளவு நேரம் ஒறங்கினா?"

"தொடர்ந்து உறங்கினது இருபத்திரண்டு நிமிஷம்."

"ரெண்டையும் ஒரே தாள்ல எழுது. இனிமே ரெண்டும் ஒரே தாள்லதான் இருக்கும்" என்றார். கதவருகே போனவர் திரும்பி, "அந்த முட்டத்துப் பெண்ணுக்க வீட்டுக்குப் போனியா?" என்றார்.

"போவேன்" என்றேன்.

அன்று வீட்டுக்குப் போய் என் மனைவியிடம், நம் மகன் பிறந்தபோது நீ எப்படி உறங்கினாய் என்று கேட்டேன். மகனுக்கு அப்போது இருபது வயது. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அதெல்லாம் ஓர்மையில்ல. ஓர்மை நிக்கணும்னாலும் கொஞ்சம் ஒறங்கியிருக்கணும்லா" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. அவள் இருந்தால் இப்போது வேறு பல கேட்பேன்.

அடுத்த ஆறு மாதத்தில் வார்டு மாறியது. இதைத்தான் என் பெயரில் எழுதச் சொல்கிறார்கள். யோசனை பெரிய டாக்டருடையது, உழைப்பு ரோசம்மா சிஸ்டருடையது. காய்ச்சல், ரத்த அழுத்தம், மாத்திரை மூன்றையும் ஒரே தடவையில் ஆறு மணிக்கு முடித்தோம். வாளியின் அடியில் பழைய டயரை வெட்டி ஒட்டினோம். தாழ்ப்பாளில் துணி சுற்றினோம். படுத்துக்கொண்டு பால் கொடுப்பது எப்படி என்று ஒவ்வொரு தாய்க்கும் சிஸ்டர்கள் பக்கத்தில் இருந்து காட்டினார்கள். கொடுத்து முடித்ததும் துணைக்கு வந்தவர் பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும். என் பழைய சீட்டு நகல்களையெல்லாம் நானே குப்பைக் குழியில் போட்டு எரித்தேன்.

பகல் உறக்கத்தைத்தான் அசைக்க முடியவில்லை. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மகளோடு வந்திருந்த ஒரு உம்மா என்னை நேருக்கு நேர் பிடித்தார்.

"நீர் எறங்கும் டாக்டரே."

"எங்க எறங்கும் உம்மா?"

"மூட்டுல எறங்கும். நாப்பது வயசுல தெரியும். நீங்க பெத்திருக்கியளா?"

"இல்ல."

"அப்பம் சும்மா இரிங்க. நான் ஏழு பெத்தேன்."

வார்டு முழுக்கச் சிரித்தது. பெரிய டாக்டர் அந்த உம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "நீங்க சொல்லுதது சரிதான். ஒறங்காண்டாம்" என்றார். "பேறுகால மருந்து குடுக்கியளா?"

"குடுக்காம? வெறும் வயித்துல ஒரு உருண்டை, உச்சைக்குச் சோத்துக்குப் பெறவு ஒரு உருண்டை."

"அது உடம்புல பிடிக்கணும்னா ரெண்டு மணிக்கூர் கண்ண மூடி அசையாம கெடக்கணும். ஒறங்காண்டாம், கெடந்தா போதும். நான் சீட்டுல எழுதித் தாறேன்."

எழுதினார். மருந்துச் சீட்டில், மாத்திரைகளுக்குக் கீழே, 'உச்சைக் கிடப்பு – 2 மணி நேரம்'. சிஸ்டர் நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டிய கட்டமும் பக்கத்தில். அந்த உம்மா சீட்டை வாங்கி இரண்டு முறை பார்த்தார். பிறகு மகளைப் படுக்கவைத்து, போர்வையை இழுத்துவிட்டு, மற்றக் கட்டில்காரர்களைப் பார்த்து, "சத்தம் போடாதிங்க, எனக்க பிள்ளைக்கு மருந்து பிடிக்குது" என்றார். ஐந்து நிமிடத்தில் அந்தப் பெண் உறங்கிவிட்டாள். உம்மா அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். விரலைச் சுண்டவில்லை.

அன்றிலிருந்து உச்சைக் கிடப்பு ஒரு மருந்தாயிற்று. சீட்டில் எழுதிய எதையும் எங்கள் ஊர்க்காரர்கள் விடுவதில்லை. ஒரு பிள்ளையைக் கொண்டுபோன அதே மரியாதைதான் பிறகு எத்தனையோ பெண்களை உறங்கவைத்தது. வெளியூரிலிருந்து டாக்டர்கள் வந்து பார்த்தார்கள். பெரிய டாக்டர் ஓய்வு பெற்றதும் நான்தான் அவர்களுக்கு விளக்கிச் சொன்னேன். அப்படித்தான் அது என் பெயரில் ஒட்டிக்கொண்டது. நானும் உரித்தெடுக்கவில்லை.

பெரிய டாக்டர் மூன்று முறை கேட்டார், முட்டத்துக்குப் போனாயா என்று. மூன்றாவது முறை அவர் நெய்யூரில் தன் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தார். நான் பதில் சொல்வதற்குள் கண்ணயர்ந்துவிட்டார். பதில் சொல்லாமல் தப்பினேன் என்று அன்று ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அவர் ஒருமுறை கண்ணைத் திறந்து மறுபடி கேட்கமாட்டாரா என்று எத்தனையோ மத்தியானங்கள் கிடந்து நினைத்திருக்கிறேன்.

இரண்டாவது தடவை எழுதிய கட்டுரையைக் கிழித்த மறுநாள் ரோசம்மா சிஸ்டருக்குப் போன் செய்து செலினின் வீட்டுக்கு வழி கேட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. "லைட்ஹவுஸ் ரோட்டுல எறங்கி, குருசடிக்குப் பெறகு மூணாவது சந்து சார். இப்பமாவது போங்க" என்றார்.

காலை பத்து மணிக்குப் போனேன். இருபத்திரண்டு வருடம் கழிந்திருந்தது. சந்தில் பெண்கள் குழாயடியில் குடங்களோடு நின்றார்கள். செலின் வாசலையொட்டிய அறையில் தையல் மெஷினில் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"சார்? ஆருக்காவது சொகமில்லியா?"

இல்லை என்றேன். உட்காரச் சொன்னாள். அம்மை உள்ளே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை.

பேருந்தில் வரும்போது தயார் செய்திருந்த முன்னுரை எதுவும் வரவில்லை. "அன்னைக்கு நீ நான் சொன்னதத்தான் செஞ்ச" என்றேன். "இருந்துட்டுப் பால் குடுன்னு சொன்னது நான். ஒறக்கமில்லன்னு நீ சொன்னப்பம் கேலி பண்ணினது நான். எல்லாரும் நிக்கும்போது நீ என்னப் பாத்த. நான் சொல்லாம உள்ள போயிட்டேன்."

செலின் மெஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்திருந்தாள்.

"அது எனக்குத் தெரியும் சார்" என்றாள். "பெறகு நர்ஸ் படிச்ச பிள்ளையள்ட்ட கேட்டேன். இருந்துட்டுக் குடுக்கப்பிடாது, அந்த நெலமையில கெடந்துதான் குடுக்கணும்னு சொன்னாளுவ. நான் சொன்னா ஆரு நம்புவா? சாருக்குக் கேக்காமத்தான் உள்ள போனாருன்னு ரெம்ப நாளு நெனச்சேன். உங்க காதுல விழுந்துச்சா சார், அன்னைக்கு நான் சொன்னது?"

"விழுந்தது."

"ம்" என்றாள். தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தாள். நான் எழுவதா இருப்பதா என்று தெரியாமல் இருந்தேன்.

"அந்த மாமி போய்ச் சேந்தாச்சு. அவரு வேற கெட்டி, ரெண்டு பிள்ளையளு. அவியள்ட்ட எல்லாம் இனி சொல்லி ஒண்ணும் ஆகப்போறதில்ல. எங்கிட்டயும் சொல்லாண்டாம். அம்மைக்கிட்ட சொல்லுங்க. இந்த மெஷின்ல இருந்து நான் கொஞ்சம் கண்ணசந்தா, இன்னைக்கும் ஓடிவந்து தோளத் தொட்டுப் பாக்கும். அது எதுக்குப் பேடிக்குதுன்னு நான் கேட்டதில்ல, அது சொன்னதும் இல்ல."

அம்மையைக் கையைப் பிடித்து அழைத்துவந்து என் எதிரில் உட்காரவைத்தாள். "கருங்கல் டாக்டரு" என்று அவர் காதில் கத்தினாள். அம்மை என்னை உற்றுப் பார்த்தார். கும்பிட்டார்.

நான் சொன்னேன். ஓபியில் பேசும் குரலில்தான் வந்தது.

"என்னவாம்?" என்றார் அம்மை மகளிடம்.

"காது கேக்காது சார். நல்ல சத்தமா சொல்லணும்."

இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். அம்மை தலையை ஆட்டி, "எனக்குக் காலுதான் கடுப்பு டாக்டரே" என்றார்.

செலின் நான் சொன்னதை எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாசல் கதவைச் சாத்தியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எழுந்து நின்று, முடிந்த அளவு சத்தமாகச் சொன்னேன். "அம்மா, செலின் மேல தப்பில்ல. நான் எழுதிக் குடுத்ததத்தான் அவ செஞ்சா. நான் தப்பா எழுதிக் குடுத்தேன். பிள்ள போனதுக்கு நான் காரணம்." என் குரல் சந்தில் போய் எதிர்ச் சுவரில் பட்டது. குழாயடியில் பேச்சு நின்றது.

இம்முறை அம்மைக்குப் பாதி கேட்டிருக்க வேண்டும். கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மிக மெல்ல, செவிடர்கள் சில சமயம் பேசுவதுபோல, "அப்பம் நான் பகல்ல ஒறங்க விடாததுனால இல்லியா?" என்றார்.

செலின் அம்மையைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் அதைக் கேட்பது அன்றுதான் முதல் தடவை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அம்மையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க அறியாம செஞ்சிய அம்மா. அறிஞ்சிருக்க வேண்டியது நான். உங்ககிட்ட நான் ஒரு வார்த்தை கேக்கல்ல" என்றேன்.

அம்மை காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டார். "சரியா விழல்ல டாக்டரே. ஒருக்கக் கூட சொல்லுங்க."

"பைய சொன்னா கேக்காது சார்" என்றாள் செலின்.

குழாயடியில் நின்ற ஒருத்தி கையை நீட்டிக் குழாயை மூடினாள். தண்ணீர் சப்தம் நின்றது. நான் முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.